தனியாகப் போகும் முதல் பேக்பேக்கிங்: முதல் நாளே கணவாயைக் கடக்கலாமா?

புதுநடை:

வணக்கம் நண்பர்களே. குழுவோடு ட்ரெக்கிங் போன பழக்கம் உண்டு, ஆனால் கூடாரம், அடுப்பு, சாப்பாடு எல்லாவற்றையும் நானே முதுகில் ஏற்றிக்கொண்டு தனியாகப் போவது இதுதான் முதல் தடவை. ஐந்து நாள் பாதை. பாதையைப் பற்றிக் குழப்பம் இல்லை, குழப்பமெல்லாம் முதல் நாளைப் பற்றித்தான்.

பாதை தொடங்கும் இடம் 1,700 மீட்டர் உயரம். அங்கிருந்து காட்டுக்குள் ஏறி, ஒன்பதாவது கிலோமீட்டரில் மரங்கள் முடிகின்றன (அங்கே 2,250 மீட்டர்). அதற்குக் கொஞ்சம் மேலே ஒரு ஓடை, பாலம் கிடையாது, மேலே இன்னும் பனி மிச்சம் இருக்கிறது. பதினான்காவது கிலோமீட்டரில் கணவாய், 2,900 மீட்டர். தாண்டி மறுபக்கம் இறங்கினால் 2,300 மீட்டரில் ஒரு புல்வெளி, அங்கேதான் முதல் இரவு தங்கலாம் என்று நினைக்கிறேன். மொத்தம் 21 கிலோமீட்டர், ஏற்றம் 1,200 மீட்டர்.

இதே பாதையில் போய்வந்த நண்பர் ஒருவர், மரங்கள் முடியும் இடத்திலேயே முதல் நாளை நிறுத்திக்கொள் என்கிறார். எனக்கு அது ரொம்பச் சப்பென்று இருக்கிறது. ஒன்பது கிலோமீட்டர் நடந்துவிட்டு மத்தியானமே கூடாரம் அடித்து உட்கார்ந்து என்ன செய்வது? இவ்வளவு நாள் கனவு கண்ட பயணம், முதல் நாளே ஒரு சாகசம் வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்கிறது. கணவாயை முதல் நாளே முடித்துவிட்டால் மீதி நாட்களை நிம்மதியாக நடக்கலாம் என்பது இன்னொரு கணக்கு.

என் எடை 68 கிலோ, தண்ணீரோடு சேர்த்துப் பை 17 கிலோ வருகிறது. வண்டி என்னைப் பாதை தொடங்கும் இடத்தில் இறக்கிவிடும்போது காலை 11 மணி ஆகிவிடும். உடம்பு நன்றாகவே இருக்கிறது, வாரம் மூன்று நாள் ஓடுகிறேன்.

இது அதிகமா, இல்லை நண்பர் தேவையில்லாமல் பயப்படுத்துகிறாரா? "தனியாகப் போகாதே" என்று மட்டும் யாரும் எழுத வேண்டாம், அதை வீட்டில் தினமும் கேட்கிறேன்.

சுமைதாங்கி:

போகாதே என்று சொல்ல மாட்டேன், கவலைப்படாதீர்கள். ஆனால் கணக்கு ஒன்று போட்டுக் காட்டுகிறேன், அதைப் பார்த்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

நெய்ஸ்மித் விதி என்று ஒன்று உண்டு. வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-இல் சொன்னது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். உங்கள் 21 கிலோமீட்டருக்கு 4 மணி 12 நிமிடம், ஏற்றத்துக்கு 2 மணி, ஆக 6 மணி 12 நிமிடம். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இது நல்ல உடற்கட்டு உள்ளவர் லேசான பையோடு, எங்கும் நிற்காமல் போகும் வேகம். 17 கிலோ சுமையோடு கரடுமுரடான பாதையில் மணிக்கு மூன்றரை கிலோமீட்டர் போனாலே பெரிய விஷயம். அப்படிப் போட்டால் நடைக்கு 6 மணி, ஏற்றத்துக்கு 2 மணி, சாப்பிட, தண்ணீர் பிடிக்க, மேப் பார்க்க, மூச்சு வாங்க ஒரு மணி. ஒன்பது மணி நேரம். 11 மணிக்குத் தொடங்கினால் இரவு 8. கணவாயின் உச்சியில் நிற்கும்போதே மாலை ஆறு ஆகியிருக்கும். அப்புறம் மங்கும் வெளிச்சத்தில், களைத்த முழங்காலோடு, முன்பின் தெரியாத பக்கத்தில் 600 மீட்டர் இறங்க வேண்டும். இதில் எங்கேயும் வழி தவறவில்லை, மழை வரவில்லை, ஓடையில் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை என்று வைத்துக்கொண்டுதான் இந்தக் கணக்கு.

முதல் நாள் என்றால் முழு நாள் என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறோம், அது எப்போதுமே அரை நாள்தான். வண்டி தாமதமாகும், அனுமதிச் சீட்டு வாங்குகிற இடத்தில் வரிசை இருக்கும், பையைத் திறந்து மறுபடி அடுக்குவீர்கள், ஐந்து நிமிடம் நடந்ததும் பட்டை சரியில்லை என்று நிற்பீர்கள். அதுவும் ஐந்து நாள் சாப்பாடு முழுவதும் பையில் இருக்கும் ஒரே நாள் அதுதான். பயணத்திலேயே பை அதிகம் கனக்கும் நாளில் பயணத்திலேயே பெரிய ஏற்றத்தை வைக்கிறீர்கள்.

அடுத்தது இடி. கோடையில் மலைகளின் மேல் மத்தியானத்துக்குப் பிறகுதான் மேகம் திரண்டு இடி இடிக்கும், வெயிலில் சூடான காற்று சரிவு வழியாக மேலே ஏறுவதால் வருவது. கணவாய்களை முற்பகலிலேயே தாண்டிவிட வேண்டும் என்று பழக்கமானவர்கள் சொல்வது இதனால்தான். நீங்கள் அங்கே நிற்கப்போவது மாலை ஆறு மணிக்கு.

பை எடையையும் பாருங்கள். உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும் என்பது பொதுவான அளவு. உங்களுக்கு அது பதின்மூன்றரை கிலோ. இப்போது இருப்பது கால் பங்கு. வாரம் மூன்று நாள் ஓடுவது இதயத்துக்கும் நுரையீரலுக்கும் நல்லது, ஆனால் இடுப்பும் தோளும் பாதமும் ஓட்டத்தில் பழகியிருக்காது. புறப்படுவதற்கு முன்னால் முழுப் பையோடு ஒரு நாளாவது மாடிப்படி ஏறி இறங்கிப் பாருங்கள்.

மேகமூட்டம்:

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். கடினமான நாளை முதலில் வைப்பது முட்டாள்தனம் இல்லை, அதற்கு இரண்டு நல்ல காரணங்கள் இருக்கின்றன, யாரும் பேசுவதில்லை.

ஒன்று வானிலை. முன்னறிவிப்பை அதிகம் நம்பக்கூடிய நாள் முதல் நாள்தான். காலையில் கையில் புது அறிக்கையோடு கிளம்புகிறீர்கள். நான்காவது நாள் கணவாய் என்றால் அன்றைக்கு என்ன இருக்கும் என்பது பாதி ஊகம், சிக்னலும் இருக்காது, மேகத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இரண்டாவது, தசை வலி. பழக்கமில்லாத நடைக்குப் பிறகு வருகிற வலி அன்றைக்கே முழுதாகத் தெரியாது, ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள்தான் உச்சத்துக்கு வரும், அதுவும் ஏற்றத்தைவிட இறக்கத்தால்தான் அதிகம். ஆக கால்கள் புதிதாக இருக்கும் நாள் முதல் நாள். அந்த நாளை ஒன்பது கிலோமீட்டருக்குச் செலவு செய்துவிட்டு, தொடை இறுகிப்போன நாளில் கணவாய் ஏறுவது புத்திசாலித்தனமா என்று கேட்டால் என்னிடம் உடனே பதில் இல்லை.

அதனால் பிரச்சினை கணவாயில் இல்லை, 11 மணியில் இருக்கிறது. முந்தின நாள் மாலையே போய்ச் சேர முடியுமா? பாதை தொடங்கும் இடத்தில் கூடாரம் போட அனுமதி இருந்தால் அங்கேயே தூங்கிவிட்டு விடியற்காலை ஐந்துக்குக் கிளம்புங்கள். சுமைதாங்கியின் அதே ஒன்பது மணி நேரத்தைப் போட்டால் மத்தியானம் 2 மணிக்குப் புல்வெளியில் இருப்பீர்கள், கணவாயை 12-க்குள் தாண்டியிருப்பீர்கள்.

ஆனால் எப்படிப் போனாலும் திரும்பும் நேரம் ஒன்றை வீட்டிலேயே காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். "இந்த மணிக்குள் கணவாயில் இல்லையென்றால் எங்கே இருந்தாலும் திரும்புவேன்" என்று. உச்சி கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் நிற்கும்போது யோசித்தால் மூளை பொய் சொல்லும், இன்னும் பத்து நிமிடம்தான் என்று. குழுவில் போனால் யாராவது ஒருவர் முணுமுணுப்பார், அந்த முணுமுணுப்பு பல பேரைக் காப்பாற்றியிருக்கிறது. தனியாகப் போகும்போது அந்த வேலையை அந்தக் காகிதம்தான் செய்ய வேண்டும்.

எடை விஷயத்தில் சுமைதாங்கி சொன்னதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். பையில் என்னென்ன இருக்கிறது?

புதுநடை:

இவ்வளவு விரிவாகப் பதில் வரும் என்று நினைக்கவில்லை, நன்றி. அந்த ஒன்பது மணிக் கணக்கைப் பார்த்ததும் கொஞ்சம் திக்கென்று இருந்தது, நான் மேப் ஆப் காட்டிய ஆறேகால் மணியை அப்படியே நம்பிக்கொண்டிருந்தேன்.

முந்தின நாள் போக முடியாது, வேலை இருக்கிறது. பையில்: கூடாரம் 2.4 கிலோ, ஸ்லீப்பிங் பேக், பாய், கேஸ் அடுப்பு, சாப்பாடு 5 கிலோ, தண்ணீர் 3 லிட்டர், மாற்று உடை மூன்று செட், பவர் பேங்க் பெரியது ஒன்று, கேமரா, படிக்க இரண்டு புத்தகம் (ஒன்று தடிமன்). மாற்றிப்போட ஒரு ஜீன்ஸும் இருக்கிறது, சிரிக்காதீர்கள்.

அந்த ஓடையைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லையே? அது சின்னதுதான் என்று நண்பர் சொன்னார், அவர் விடியற்காலையில் கடந்தாராம்.

ஓடைக்கரை:

உங்கள் கடைசி வரியைப் படித்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். "அவர் விடியற்காலையில் கடந்தாராம்" என்பதில் எல்லாம் இருக்கிறது.

மேலே பனி இருக்கும் ஓடை காலையில் ஒன்று, மாலையில் வேறொன்று. பகல் வெயிலில் பனி உருகி, அந்தத் தண்ணீர் இறங்கி வந்து சேர நேரம் எடுக்கும், அதனால் பிற்பகலிலிருந்து மாலை வரைதான் ஓடை நிறைந்து ஓடும். இரவுக் குளிரில் உருகுவது குறைந்து, விடியும் நேரத்தில் மட்டம் இறங்கியிருக்கும். காலையில் கணுக்கால் நனைந்த இடத்தில் மாலையில் தொடை வரை வரலாம். நீங்கள் 11 மணிக்குக் கிளம்பி அங்கே போய்ச் சேருவது மூன்று, மூன்றரைக்கு. அவர் பார்த்த ஓடையை நீங்கள் பார்க்கப் போவதில்லை.

நான் தனியாகப் போன ஒரு பயணத்தின் முதல் நாள் முழுக்க இப்படி ஒரு ஓடைதான். மத்தியானத்துக்கு மேல் கரைக்கு வந்தேன். தண்ணீர் பால் கலந்த மாதிரி மங்கலாக இருந்தது, அடி தெரியவில்லை. அகலம் பெரிதில்லை, எட்டடி, பத்தடி இருக்கும், அக்கரையில் பாதை பளிச்சென்று தெரிகிறது, அதுதான் ஆளை இழுப்பது. கொஞ்ச நேரம் சும்மா நின்று கேட்டேன். தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியில் டொக், டொக் என்று இன்னொரு சத்தம். அடியில் கற்கள் உருளுகிற சத்தம் அது. அது கேட்டால் கடக்கக் கூடாது என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் சொல்லியிருந்தார்கள், கல்லையே உருட்டுகிற தண்ணீர் காலை விட்டுவைக்காது. இருந்தாலும் ஒரு குச்சியைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கரையோரமாகவே அதோடு நடந்து பார்த்தேன். நான் வேகமாக நடந்தும் குச்சியைப் பிடிக்க முடியவில்லை. நம் நடையைவிடத் தண்ணீர் வேகமாக இருந்தால், அதுவும் முழங்காலுக்கு மேல் ஆழம் இருந்தால், தனி ஆளுக்கு அது வேண்டாத வேலை.

பிறகு பையைக் கரையில் வைத்துவிட்டு மேல்பக்கமாக ஏறிப் போனேன். குறுகலான இடம் பார்க்க எளிதாக இருக்கும், ஆனால் அங்கேதான் ஆழமும் வேகமும் அதிகம். தேட வேண்டியது அகலமான இடத்தை, ஓடை இரண்டு மூன்றாகப் பிரிகிற இடத்தை. அப்படி ஒரு இடம் கிடைத்தது, முதல் இரண்டு கிளையும் தாண்டிவிட்டேன், மூன்றாவது முழங்காலுக்கு மேல். கீழ்ப்பக்கம் பார்த்தேன், இருபது அடியில் ஒரு பெரிய மரம் குறுக்கே விழுந்து கிடந்தது. வழுக்கினால் நேராகப் போய் அந்தக் கிளைகளில்தான் மாட்டுவேன், தண்ணீர் மேலே அழுத்திக்கொண்டே இருக்கும். அங்கேயே திரும்பினேன். கடப்பதற்கு முன்னால் எல்லோரும் எதிர்க்கரையைப் பார்க்கிறார்கள், பார்க்க வேண்டியது கீழ்ப்பக்கம் என்ன இருக்கிறது என்பதைத்தான்.

இக்கரையிலேயே மேட்டில் ஒரு சமதளம் தேடிக் கூடாரம் போட்டேன். திட்டத்தில் பாதிகூட நடக்கவில்லை. ஒரு மணி நேரம் எரிச்சலாக இருந்தது, அப்புறம் டீ போட்டுக் குடித்துக்கொண்டு ஓடை எப்படி ஏறுகிறது என்று ஒரு கல்லை அடையாளம் வைத்துப் பார்த்தேன், இருட்டுவதற்குள் அந்தக் கல் முழுதாக மூழ்கிவிட்டது. மறுநாள் வெளிச்சம் வந்ததும் எழுந்து போனால் அதே இடத்தில் முழங்காலுக்கு ரொம்பக் கீழே தண்ணீர், அடியில் ஒவ்வொரு கல்லும் தெரிகிறது.

கடக்கும் விதமும் சொல்லிவிடுகிறேன். இடுப்புப் பட்டை, மார்புப் பட்டை இரண்டையும் கழற்றிவிடுங்கள், விழுந்தால் பையிலிருந்து உடனே வெளியே வர வேண்டும். ஷூவைக் கழற்றாதீர்கள், சாக்ஸை வேண்டுமானால் கழற்றி உள்ளே வையுங்கள். முகம் தண்ணீர் வருகிற பக்கம் கொஞ்சம் திரும்பியிருக்கட்டும், ஊன்றுகோலை முன்னால் ஊன்றி, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் நகர்த்துங்கள், கோல் அல்லது ஒரு கால். பாறைக்குப் பாறை தாவுவது வேண்டாம், ஈரப்பாறை வழுக்கும். போனையும் ஸ்லீப்பிங் பேக்கையும் தண்ணீர் புகாத பையில் கட்டிவிட்டுத்தான் காலை வைக்க வேண்டும்.

மேகமூட்டம் சொன்ன விடியற்காலைத் திட்டம் எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் புதுநடைக்கு முந்தின நாள் போக வழியில்லை என்கிறபோது நண்பர் சொன்னதுதான் சரி. காட்டு எல்லையில் தங்கினால் ஓடையையும் கணவாயையும் மறுநாள் காலையில் சந்திக்கிறீர்கள், இரண்டுக்கும் அதுதான் நல்ல நேரம்.

நடைராஜா:

எல்லோரும் பெரிய விஷயமாகப் பேசுகிறீர்கள், முதல் நாளில் பாதிப் பேரை நிறுத்துவது குதிகால் கொப்புளம். ஷூவுக்குள் ஒரு இடம் சூடாக உரசுகிற மாதிரி தோன்றிய உடனே, அடுத்த திருப்பத்தில் பார்ப்போம் என்று சொல்லாமல், அந்த இடத்திலேயே உட்கார்ந்து டேப் ஒட்டுங்கள். நகத்தை வெட்டிவிட்டுப் போங்கள், இறக்கத்தில் பெருவிரல் நன்றி சொல்லும். புது ஷூ என்றால் இந்தப் பயணத்துக்கு வேண்டாம்.

அப்புறம் அந்த ஜீன்ஸ். சிரிக்கவில்லை. ஆனால் பருத்தி ஈரத்தைக் குடித்துக்கொண்டு காயவே காயாது, உடம்புச் சூட்டையும் சேர்த்து உறிஞ்சும், கணவாய் நீங்கள் கிளம்பும் இடத்தைவிட எட்டு டிகிரி குளிராக இருக்கும் (1,000 மீட்டருக்கு சராசரியாக ஆறரை டிகிரி குறையும்). வீட்டிலேயே வைத்துவிடுங்கள், தடிமன் புத்தகத்தையும் சேர்த்து.

அரைத்தூக்கம்:

மத்தியானமே கூடாரம் அடித்துவிட்டு என்ன செய்வது என்று கேட்டீர்களே, அதற்குப் பதில் சொல்கிறேன், ஏனென்றால் தனியாகப் போகும் முதல் நாளில் கஷ்டமான பகுதி நடை இல்லை. சூரியன் மறைந்த பிறகு வரும் நேரம்தான்.

வெளிச்சம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தால் இடத்தைச் சுற்றிப் பார்க்கலாம். தலைக்கு மேல் காய்ந்த கிளை தொங்குகிறதா என்று பாருங்கள், காற்றில்லாத இரவிலும் விழும். பள்ளத்தின் அடியில் போடாதீர்கள், குளிர்ந்த காற்று கனமானது, இரவில் சரிவில் இறங்கி அங்கேதான் தேங்கும், கொஞ்சம் மேட்டில் போட்டாலே வித்தியாசம் தெரியும். தண்ணீரிலிருந்து 60, 70 மீட்டர் தள்ளி இருங்கள். ஓடையும் அசுத்தமாகாது, காற்றில் ஈரமும் குறைவு, மட்டம் ஏறினாலும் பயமில்லை. சாப்பாட்டையும் பற்பசை போல வாசனை உள்ளதையும் கூடாரத்துக்குள் வைக்காதீர்கள், அந்தப் பகுதியில் என்ன விலங்கு, எப்படி வைக்கச் சொல்கிறார்கள் என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், இது இடத்துக்கு இடம் மாறும்.

இதெல்லாம் முடிந்து படுத்ததும் சத்தம் ஆரம்பிக்கும். காய்ந்த இலை மேல் எலி ஓடினால் ஆள் நடக்கிற மாதிரி இருக்கும். கூடாரத் துணி ஒரு முறை படபடத்தால் நெஞ்சு வாய்க்கு வந்துவிடும். நீங்கள் கோழை என்று அர்த்தமில்லை. புது இடத்தில் முதல் இரவு மூளை முழுதாகத் தூங்குவதே இல்லை. அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், பழக்கமில்லாத இடத்தில் தூங்கும் முதல் இரவில் மூளையின் இடது பாதி வலது பாதியைவிட லேசாகத் தூங்குகிறது, சத்தத்துக்குச் சட்டென்று எதிர்வினை காட்டுகிறது என்று கண்டார்கள். அவர்கள் பார்த்தது ஆய்வகத்தில், கட்டில் மெத்தையோடு. காட்டில் கேட்கவே வேண்டாம். என் பெயரே அதனால் வந்ததுதான்.

நான் செய்வது: படுக்கப் போகும் முன் சூடாகவும் கொழுப்புள்ளதாகவும் ஏதாவது சாப்பிடுவேன், உடம்பு இரவு முழுக்கச் சூடு தரும். குளிரில் ஸ்லீப்பிங் பேக்குக்குள் நுழையும்போதே நடுங்கிக்கொண்டு நுழைந்தால் அது சூடாகாது, பை வெப்பத்தை உண்டாக்காது, நம் வெப்பத்தைப் பிடித்து வைப்பதோடு சரி. அதனால் நாலைந்து குதி குதித்துவிட்டு நுழையுங்கள். போனையும் பவர் பேங்கையும் உள்ளே வையுங்கள், குளிரில் சார்ஜ் இறங்கிவிடும். குழாய் மாதிரி இழைகள் உள்ள தண்ணீர் ஃபில்டரையும் உள்ளேயே வையுங்கள், ஒரு தடவை உறைந்துவிட்டால் இழை வெடித்திருக்கலாம், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ஹெட்லேம்ப் எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு எடுத்துப் பார்த்துவிட்டுப் படுங்கள். காதில் அடைப்பான் வைப்பது உங்கள் இஷ்டம், நான் வைப்பேன், பலர் தனியாக இருக்கும்போது வைக்கவே மாட்டார்கள்.

இரவு ஒன்பது மணிக்கு, மறுபக்கத்துப் புல்வெளியில், இருட்டில், சாப்பிடாமல், வழி தேடிக்கொண்டு வந்து இந்த முதல் இரவைத் தொடங்குவதும், வயிறு நிறைந்து தொடங்குவதும் ஒன்றில்லை.

புதுநடை:

சரி, விட்டுக்கொடுத்துவிட்டேன். முதல் நாள் காட்டு எல்லை வரை. உங்கள் கணக்கையே போட்டுப் பார்த்தேன், மத்தியானம் மூன்றுக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். மறுநாள் ஐந்து மணிக்கு எழுந்து ஓடை, எட்டரைக்குள் கணவாய். பை 14 கிலோவுக்கு வந்துவிட்டது: ஜீன்ஸ் போச்சு, தடிமன் புத்தகம் போச்சு, வழி நெடுக ஓடைகள் இருப்பதால் தண்ணீர் ஒன்றரை லிட்டர்தான், ஃபில்டர் இருக்கிறது.

கடைசிக் கேள்வி. பாதையில் சிக்னல் இல்லை. செயற்கைக்கோள் கருவி ஏதாவது வாங்க வேண்டுமா, இல்லை அது வீண் செலவா?

சுமைதாங்கி:

தனி ஆளுக்கு வீண் செலவு என்று சொல்ல மாட்டேன். இரண்டு வகை இருக்கிறது. ஒன்று பிஎல்பி எனப்படும் அவசர பீக்கன்: 406 மெகாஹெர்ட்ஸில் உதவிக் குறிப்பு அனுப்பும், 1982 முதல் உயிர்களைக் காப்பாற்றிவரும் காஸ்பாஸ்-சர்சாட் செயற்கைக்கோள் அமைப்பு அதைப் பிடித்து மீட்புக் குழுவுக்குத் தெரிவிக்கும். மாதச் சந்தா கிடையாது, ஆனால் வாங்கியதும் பதிவு செய்ய வேண்டும், பெரும்பாலானவற்றில் செய்தி எழுத முடியாது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டுமே அழுத்த வேண்டியது. இன்னொன்று செய்தி அனுப்பும் கருவி, சந்தா உண்டு, "நான் நலம், ஓடைக்கு இந்தப் பக்கம் தங்குகிறேன்" என்று வீட்டுக்குச் சொல்லலாம். ஐபோன் 14 தொடங்கி சில போன்களிலேயே செயற்கைக்கோள் வழி அவசரச் செய்தி அனுப்பும் வசதி இருக்கிறது, ஆனால் எல்லா நாட்டிலும் வேலை செய்யாது. இன்னொரு முக்கியமான விஷயம், சில நாடுகளில் அனுமதி இல்லாமல் செயற்கைக்கோள் கருவி வைத்திருப்பதே சட்டப்படி குற்றம். நீங்கள் போகும் இடத்தின் விதியைப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

கருவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரு ஆளிடம் உங்கள் திட்டத்தை எழுத்தில் கொடுங்கள். எங்கே நுழைகிறேன், எங்கே வெளியே வருகிறேன், ஒவ்வொரு இரவும் எங்கே, கூடாரத்தின் நிறம் என்ன, எந்த நாள் எந்த மணி வரை தகவல் இல்லையென்றால் யாரைக் கூப்பிட வேண்டும். அந்த மணியைக் கொஞ்சம் தாராளமாக வையுங்கள், ஓடைக்கரை மாதிரி ஒரு இரவு நின்றுவிட்டால் வீட்டில் பதறக் கூடாது. திட்டத்தை மாற்றினால் அந்த ஆளுக்குத் தெரியாத பாதையில் போகாதீர்கள். விசில் ஒன்றைத் தோள்பட்டையிலேயே கட்டுங்கள், பைக்குள் வேண்டாம். ஒரு நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஆறு. இது ஆல்ப்ஸில் தொடங்கிப் பல நாடுகளில் பழகிய உதவிக் குறிப்பு. நிமிடத்துக்கு மூன்று முறை பதில் வந்தால் யாரோ கேட்டுவிட்டார்கள் என்று அர்த்தம்.

மேகமூட்டம்:

திட்டம் நன்றாக இருக்கிறது, முந்தின நாள் வர முடியாதவருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. ஒரே ஒரு திருத்தம்: தண்ணீரை ஒன்றரை லிட்டர் என்று முடிவு செய்வதற்கு முன்னால், காட்டுப் பகுதியில் மேப்பில் நீலக் கோடாகத் தெரிகிற ஓடைகளில் இந்தப் பருவத்தில் உண்மையில் தண்ணீர் இருக்கிறதா என்று நண்பரிடம் கேளுங்கள். பனியிலிருந்து வருகிற மேல் ஓடை ஓடும், கீழே இருக்கும் சின்ன ஓடைகள் வறண்டிருக்கலாம். அப்படியானால் முதல் ஒன்பது கிலோமீட்டருக்கு மட்டும் இரண்டரை லிட்டர் எடுத்துக்கொண்டு ஏறுங்கள்.

திரும்பி வந்ததும் ஓடை எத்தனை மணிக்கு எந்த மட்டத்தில் இருந்தது என்று இங்கேயே எழுதிப் போடுங்கள், அடுத்து அந்தப் பாதையில் போகிறவர்கள் தேடுவார்கள்.